சார்போர்ட்

முன்பாயின் அடிவிளிம்புக்கும் படகின் ஓரத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருக்கிறது, அதன் வழியாகத்தான் அந்தப் படகைப் பார்த்தேன், பார்த்ததும் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். இன்னும் தூரம் இருக்கிறது. சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். வெள்ளைப் பாய், கறுத்த உடல், காலையில் போரோஸ் துறையில் எங்களுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த அன்னூலாதான் அது, கிரேக்கக் குடும்பம் ஒன்றின் படகு. எங்கள் படகில் நாங்கள் நான்கு பேர், மற்ற மூவரும் உயர்ந்திருக்கும் இடப்பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், நான் மட்டும் சாய்ந்து கிடக்கும் வலப்பக்கத்தில், தண்ணீருக்கு அருகில். காற்று மெலிவாக இருக்கும்போது ஓர் ஆளாவது தாழ்ந்த பக்கம் உட்கார்ந்தால்தான் பாய் நன்றாகத் தொங்கிக் காற்றை வாங்கும், அதோடு பாய் மறைக்கிற பக்கத்தில் என்ன வருகிறது என்று குனிந்து பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். "இந்துஜா, கீழ போய் உக்காரும்மா. கண்ண மட்டும் இல்ல, வாயையும் எடுத்துட்டுப் போ" என்று சுக்கான் கோலைப் பிடித்தபடி கிரிதரன் சார் சொன்னார். முன்பாயின் கயிற்றைப் பிடித்திருக்கிற பெனடிக்ட் சிரித்தான். பெரிய பாயைப் பார்த்துக்கொள்கிற ஹேமாக்கா சிரிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு நானே கேட்காத அளவுக்குத்தான் நான் எப்போதும் சிரிக்கிறேன். இங்கே உட்கார்ந்தால் தண்ணீர் தொடையை ஒட்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது, யாரோ பக்கத்து அறையில் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி, மடித்து முடிக்கவே மாட்டாள் போலிருக்கிறது. கரையில் மரமே இல்லாத மலை, அதன் உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோயில், அங்கிருந்து ஆட்டு மணிச் சத்தம் வருகிறது. அன்னூலா வருகிறது. வரட்டும்.

விதி மிகவும் எளிது. வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழி விட வேண்டும், இடப்பக்கமிருந்து வாங்கும் படகு ஒதுங்க வேண்டும். வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்ட் என்று பெயர். அன்னூலா ஸ்டார்போர்ட். நாங்கள் ஒதுங்க வேண்டியவர்கள். நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் சார் சுக்கானை இழுப்பார், நாங்கள் அவர்களுக்குப் பின்னால் போவோம், அவர்கள் எங்களை முந்துவார்கள், வண்டிகளே ஓடாத அந்த ஹைட்ரா தீவுக்கு அவர்கள் முதலில் போய்ச் சேர்வார்கள், தீவு தீவாக நடக்கிற இந்த ஒரு வாரப் பந்தயத்தில் சார் சேர்த்துவைத்த முதலிடம் இந்தக் கடைசி ஓட்டத்தில் கைநழுவும். சொல்லாவிட்டால் அவர்கள் மூக்கு எங்கள் விலாவில். கொஞ்சம் முன்னால் பட்டால் பாய்மரம் ஆடும், கொஞ்சம் பின்னால் பட்டால் சரியாக என் மடியில். மடியில் என்றால் பரவாயில்லை என்று நினைக்கிறேன், அடிபட்டவள் சொன்னால் நம்புவார்கள். அப்போது எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்பார்கள். நான் நிதானமாக, இரத்தம் வழிந்தாலும் நிதானமாக, "சொன்னேனே சார், உங்களுக்குக் கேக்கலையா?" என்பேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சென்னையிலிருந்து இங்கே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கியபோது உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'கேக்கலையா' என்ற இடத்தில் குரல் ஏறக் கூடாது, இறங்க வேண்டும், அனுதாபம் மாதிரி இறங்க வேண்டும், அவர் அன்று 'பாவம்' என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியதே, அப்படி.

அன்றும் நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். போன வருடம், சென்னையில், துறைமுகத்துக்கு வெளியே, இதே தாழ்ந்த பக்கம், இதே பாய் மறைப்பு, அங்கே தண்ணீர் இப்படி நீலமாக இருக்கவில்லை, டீசல் வாசனையோடு பச்சையாக இருந்தது. வலப்பக்கம் ஒரு படகு வந்தது. நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "சார், ஸ்டார்போர்ட்." சார் திருப்பவில்லை. மோதுகிறபோது ஒரு மரக்கதவை உதைத்துத் திறக்கிற சத்தம், அந்தப் படகின் முனையில் நின்ற அபிநயா எங்கள் படகைக் கையால் தள்ளிவிடப் பார்த்தாள், யாரும் செய்யக் கூடாத காரியம், எல்லாரும் செய்கிற காரியம், இரண்டு விரல்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. அவள் கத்தியது வேறு யாரோ கத்துகிற மாதிரி, ஓர் ஆண் கத்துகிற மாதிரி இருந்தது. படகுக் கிளப்பில் பெரியவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து விசாரித்தபோது சார் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத்தான் பேசினார். "அந்தப் பொண்ணு மேல தப்பு சொல்ல மாட்டேன். 'சார் சார்'னு கூப்பிட்டுச்சு. நானும் 'என்னம்மா, என்னம்மா'ன்னு கேட்டேன். அதுக்கு மேல அதுக்குப் பேச்சு வரல. பாவம், பயந்த சுபாவம்." கல்லூரியில் எனக்குக் கட்டுமானப் பாடம் எடுத்தவர், எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லிக்கொடுத்தவர், எங்கே வைத்தால் பாரம் யார் தலையில் இறங்கும் என்று அவருக்குத் தெரியாதா. மேசையிலிருந்த ஒருவர் மெதுவாக, "அது ஸ்டார்னு சொல்லியிருக்கும், உங்களுக்குச் சார்னு கேட்டிருக்கும்" என்றார். அவ்வளவுதான், அறை முழுக்கச் சிரிப்பு. விரல் நசுங்கின விசாரணை அந்தச் சிரிப்போடு முடிந்துவிட்டது. மறுநாளே பெனடிக்ட் பெயர் வைத்துவிட்டான். சார்போர்ட். "சார்போர்ட் வந்தாச்சா?" "சார்போர்ட்டுக்கு ஒரு டீ." வாட்சப் குழுவில் என் படம், வாயில் பிளாஸ்திரி ஒட்டி. அதற்கு ஹேமாக்காகூட ஓர் இதயம் போட்டிருந்தார். நானும் ஒரு சிரிக்கிற முகம் போட்டேன், போட்டுவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன், அதற்கும் கண் இருக்கிற மாதிரி.

ஆனால் எனக்கே தெரியாத ஒன்று இருக்கிறது, அதுதான் நடுவில் வந்து வந்து மாட்டிக்கொள்கிறது. சொன்னேனா. ஷேர் ஆட்டோவில் "அண்ணா, இங்க நிறுத்திக்கோங்க" என்பதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன், சரியாக வந்துவிட்டதா என்று இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பேன், அது வாய்க்கு வருவதற்குள் என் இடம் போயிருக்கும், அடுத்த நிறுத்தத்தில் அங்கேதான் எனக்கு வேலை என்பது போல இறங்கி நடந்து திரும்பி வருவேன். எத்தனையோ நாள் அம்மா, "கேட்டதுக்குப் பதில் சொல்லேன்டி" என்பாள், நான் சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவள் அன்று சொன்னாளா, இல்லை சொன்னதாக நினைத்தாளா. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது நினைவிருக்கிறது. 'போர்ட்' என்னும்போது உதடு சேர்ந்தது நினைவிருக்கிறது. சத்தம் நினைவில்லை. ஒரு வருடமாக அந்த உதடு சேர்ந்ததை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், தேய்ந்துபோய்விட்டது, இப்போது அது அன்றைய உதடா அதற்குப் பிறகு நான் சேர்த்த உதடா என்று சொல்ல முடியவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அபிநயாவைப் பார்க்கப் போனேன். கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள், மூட்டை கட்டின மாதிரி கட்டு. "ஒரே ஒரு தடவ கத்தியிருக்கலாம்லடி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தேன். சொன்னேன்டி என்று சொல்ல வந்தேன், சொன்னேனா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது, சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை எடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் இப்போது அந்த இரண்டு விரல்களையும் மடக்க முடியாமல் நீட்டியபடியே பேனா பிடிக்கிறாள். சார் அவளுக்குப் பூங்கொத்து அனுப்பினார். அதையும் குழுவில் போட்டார்.

ஆகவே அவர் போன் செய்து, "கிரீஸ் போறோம், ஓர் ஆள் கொறையுது. நீ லேசான ஆளு, தொந்தரவு இல்லாத ஆளு, வர்றியா?" என்றபோது யோசிக்கவே இல்லை, வர்றேன் சார் என்றேன், எனக்கே என் குரல் தெளிவாகக் கேட்டது. அம்மாவுக்கு ஆச்சரியம். அவ்வளவு நடந்தும் அவரோடயேவா என்றாள். அவரோடுதான். வந்த நாளிலிருந்து இந்த இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏஜினா தீவைத் தாண்டும்போது ஒரு படகு வந்தது, உரக்கச் சொன்னேன், சார் தலையை ஆட்டி "குட், குட்" என்றார். போரோஸ் வாயிலில் இன்னொன்று, சொன்னேன், தலையை ஆட்டினார். எங்கள் பக்கம் கிடா வெட்டுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீரை முகத்தில் தெளிப்பார்கள், அது தலையைச் சிலுப்பும், சம்மதம் கொடுத்துவிட்டது என்பார்கள். குட், குட். அவர் தலையில் அந்த வெள்ளைத் தொப்பி, கழுத்துச் சுருக்கத்தில் துடைக்காமல் விட்ட வெயில் கிரீம், பல் தெரியும் சிரிப்பு, எல்லாவற்றையும் ஒரு வாரமாக மிக நன்றாகக் கவனித்துவைத்திருக்கிறேன், யாரை நேசித்தபோதும் இவ்வளவு கவனித்ததில்லை. இன்று காலை துறையில் அவர் அன்னூலாவின் சொந்தக்காரி ஸ்டவ்ரூலாவிடம் என்னை அறிமுகப்படுத்தினார், அவளுக்கு அறுபது வயதிருக்கும், ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. "என் மாணவி. வெரி ஷை" என்றார். ஸ்டவ்ரூலா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஷை இஸ் நாட் அ ஜாப்" என்றாள், கூச்சம் ஒரு வேலை இல்லையாம். அவள் தங்கை மகள் கதெரீனா என் பெயரைக் கேட்டு "இந்துட்ஸா, இந்துட்ஸா" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள், என் பெயரை வைத்து யாராவது சிரித்தால் எனக்குப் பிடிக்காது, ஆனால் அவள் தன் நாக்கைப் பார்த்துத்தான் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வேலை என்று தெரிந்ததும் குனிந்து பார்ப்பது போல நடித்துக் காட்டினாள். ஆமாம், அங்கேயும் தாழ்ந்த பக்கம் ஒருத்தி.

இப்போது அவள் தெரிகிறாள். அன்னூலா நெருங்கிவிட்டது, பாயின் தையல்கூடத் தெரிகிறது, அதன் தாழ்ந்த பக்கத்தில் கதெரீனா உட்கார்ந்திருக்கிறாள், எங்களைப் பார்த்த பக்கம்தான் அது, ஆனால் அவள் எங்களைப் பார்க்கவில்லை. போனை உயர்த்தி மலை மேலிருக்கும் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு காலும் கம்பிக்கு வெளியே தொங்குகின்றன. வெறும் கால். அவளுக்குப் பின்னால் ஸ்டவ்ரூலாவின் தொப்பி மட்டும் தெரிகிறது, அவளுக்கும் அவள் பாய் மறைக்கும், அவளும் தன் தாழ்ந்த பக்கத்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கடலில் இந்த இரண்டு படகையும் சேர்த்துப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான், இவ்வளவு பெரியவளாக நான் எப்போதும் இருந்ததில்லை. வேண்டாம், அந்தக் காலைப் பார்க்காதே. காற்று கொஞ்சம் தளர்கிறது, முன்பாய் ஒருமுறை உதறுகிறது, பெனடிக்ட் "ச்சே, இந்த ஊர் காத்து நம்ம கரண்டு மாதிரி வருது போகுது" என்கிறான், ஹேமாக்கா "வாயால ஊது, உனக்கு அதுதான் ஜாஸ்தி" என்கிறார், யாருக்கும் ஒன்றும் தெரியாது, பள்ளிக்கூடப் பேருந்தில் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். வேகம் குறைந்தால் கணக்கு மாறும். முன்னால் போனால் அவர்கள் மூக்கு என் மடியில், பின்தங்கினால் எங்கள் மூக்கு அவர்கள் இடப்பக்கத்தில். அங்கே அந்தக் கால்கள். கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறாள், எங்கள் ஊரில் கண் பட்டுவிடும் என்று கட்டுவது போல, அங்கேயும் கட்டுவார்களா. அவள் கால் எனக்கு என்ன செய்தது. ஆனால் என் விரல்களா போயின அன்று, அபிநயாவுடையவை போயின, அப்போதும் சொல்லாதவள் என்று பெயர் எனக்குத்தான் வந்தது. இன்றும் சொல்லாவிட்டால், இந்த முறை உண்மையாகவே சொல்லாவிட்டால், அவர் சொன்ன பொய் உண்மையாகிவிடும், நானே அதற்கு உயிர் கொடுத்துவிடுவேன், ஒரு வருடம் கழித்து என் கையால். அது அவருக்கு நான் கொடுக்கிற பரிசு அல்லவா. ஐயோ, காலை மடக்கேன்டி. சரி. சொல்கிறேன். ஆனால் அன்று கொடுத்த குரலைத்தான் கொடுப்பேன், ஒரு பிடிகூட அதிகம் தர மாட்டேன், கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் அது அவர் காது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. உதடு சேர்ந்தது. "சார், ஸ்டார்போர்ட்."

"தெரியும்மா" என்றார் கிரிதரன் சார் உடனே. முணுமுணுப்பாக, ரகசியமாக, குஷியாக. "அப்பவே பாத்துட்டேன். கத்தாத. அவங்களுக்கும் பாய் மறைக்குது, சத்தம் போடாம முன்னால போயிடலாம். அன்னிக்கு நீ சொன்னப்ப இவ்ளோ எடம்கூட இல்ல." ஆட்டு மணி கேட்கிறது. பட்டுப்புடவை மடிகிறது. நீ சொன்னப்ப. அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை, உடம்பை முன்னால் தள்ளிச் சுக்கான் கோலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், வாய் பாதி திறந்து, ஐஸ் வண்டியைப் பார்க்கிற பையன் மாதிரி. நீ சொன்னப்ப. சொன்னேன். கேட்டிருக்கிறது. கேட்டு, கணக்குப் போட்டு, போய்விடலாம் என்று போயிருக்கிறார், ஒரு முழம் தப்பிவிட்டது, மிச்சம் இருந்த பழியை என் வாயில் திணித்துவிட்டார், நான் ஒரு வருடம் அதை மென்றுகொண்டு என் உதட்டைச் சந்தேகப்பட்டேன். ஷேர் ஆட்டோ, அம்மா, சாத்துக்குடி நார், எல்லாவற்றையும் எனக்கு எதிராக நானே சாட்சிக்குக் கூப்பிட்டேன். கோபம் வரும் என்று பார்த்தால் முதலில் வந்தது ஏதோ இடம், மூச்சு விட இடம், நெஞ்சுக்குள் யாரோ பெட்டிகளை நகர்த்தினார்கள், அதற்குப் பிறகுதான் கோபம் வந்து நிதானமாக அந்த இடத்தில் உட்கார்ந்தது. காற்று மறுபடி தளர்ந்தது. எங்கள் மூக்கு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. "போ, போ, போடி" என்று சார் படகைப் பார்த்துச் சொன்னார். கம்பிக்கு வெளியே கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. "கால எடு! ஏய்! கால எடு!" என்று யாரோ கத்தினார்கள், மலையில் பட்டுத் திரும்பி வந்தது, கிரேக்க மலை, தமிழ், கத்தியது நான். கதெரீனா போனைத் தவறவிட்டாள், கால்கள் உள்ளே போயின, ஸ்டவ்ரூலா என்னவென்றே பார்க்காமல் அந்தக் குரலை நம்பிச் சுக்கானைத் திருப்பினாள், அன்னூலாவின் பாய்கள் இடி மாதிரி அடித்துக்கொண்டன, ஓர் ஆள் உருண்டு விழுந்தார், அதன் கறுத்த உடல் எங்கள் மூக்கிலிருந்து ஒரு கை தூரத்தில் விலகிப் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெனடிக்ட் கயிற்றைக் கையிலேயே சுற்றிக்கொண்டு, "யம்மா" என்றான்.

அன்னூலா எங்களுக்குப் பின்னால் காற்றிழந்து நின்றுவிட்டது. ஸ்டவ்ரூலா எழுந்து நின்று ஒரு சிவப்புத் துணியைப் பின்கம்பியில் கட்டினாள், "ப்ரோட்டெஸ்ட்!" என்றாள். புகார். கரையில் மேசை போட்டு விசாரிப்பார்கள். சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாலை நேரத்தில் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசுகிற குரலில், "சாரி மேடம், சாரி! வி டிட் நாட் சீ யூ! மை கேர்ள், வெரி ஷை, ஷி டிட் நாட் டெல் மீ!" என்றார். பிறகு உதடு அசையாமல் எங்களிடம் தமிழில், "தெரியாம நடந்துச்சுன்னா இந்த ஒரு ஓட்டத்துலதான் தள்ளுவாங்க. தெரிஞ்சே போனோம்னா போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க. அதனால யாரும் பாக்கல. இந்துஜா, நீ ஒண்ணும் பேச வேணாம். உனக்கு அது கஷ்டமில்லையே" என்றார். ஹேமாக்கா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பெனடிக்ட் என்னைப் பார்த்தான், இந்த முறை சிரிக்கவில்லை, சிரிக்கலாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தான். அவர் என்னிடம் கேட்கவே இல்லை என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன், சம்மதமா என்றுகூட இல்லை, பையை வைக்கிற இடத்தில் பையை வைக்கிற மாதிரி. ஒரு வருடமாகச் சுமந்துவந்த வாக்கியம் இப்போது பயன்படாது, அது பொய்க்குச் செய்து வைத்தது. எனக்கு இப்போது பொய் தேவையில்லை. இது எவ்வளவு பெரிய வசதி என்று பொய் சொல்கிறவர்களுக்குத் தெரியாது. எழுந்தேன், பாய்மரத்தைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படகின் பின்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றேன், சாரின் தலைக்கு மேலாக அன்னூலா தெரிந்தது. "ஹீ சா யூ" என்றேன், அவர் உங்களைப் பார்த்தார். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். "இந்துஜா" என்றார் சார், பிறகு "ம்மா" என்றார். எதிர்க்காற்றில் அவர்கள் பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஸ்டவ்ரூலா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "வாட்?" என்றாள். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.